கம்பு மணி நத்தையைப் பிரித்தறிந்தவர், ராட்சத நத்தையைக் கொண்டுவந்தவர்

ஆப்பிரிக்க ராட்சத நத்தையை வாழை, பப்பாளி, காய்கறி பயிரிடும் விவசாயிகளுக்கு இன்று அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழைக்குப் பின் ஒரே இரவில் நாற்றங்காலைக் காலி செய்துவிடும். அது தானாக இங்கு வந்துவிடவில்லை. 1847-ல் மொரீஷியஸ் தீவிலிருந்து உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹென்றி பென்சன். நத்தையைப் பற்றி ஏதும் தெரியாத ஒருவர் செய்த காரியம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால், அன்றைய இந்தியாவில் நிலத்து நத்தைகளை நன்கு அறிந்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் அவர்.

பென்சன் பிறந்தது 1803-ல். கிழக்கிந்திய கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்காக இங்கிலாந்தில் நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் படித்தார். 1821-ல், 18 வயதில், வங்காள சிவில் சர்வீஸ் பணிக்காகக் கல்கத்தா வந்து இறங்கினார். அதன் பிறகு மீரட், பரேலி என வட இந்திய ஊர்களில் உத்தியோகம். போகும் இடமெல்லாம் நத்தை ஓடுகளைச் சேர்த்தார். 1830-களுக்குள் கல்கத்தாவில் வெளிவந்த அறிவியல் இதழ்களில் அவற்றைப் பற்றி எழுதவும் தொடங்கிவிட்டார்.

தாமஸ் ஹட்டன் என்ற ராணுவ அதிகாரியும் இதே ஆர்வம் கொண்டவர். மிர்சாபூரில் கிடைத்த ஊசி போன்ற ஒரு சிறு நத்தையை 1834-ல் ஹட்டன் முதன்முதலாக விவரித்தார். இன்று அல்லோபியாஸ் கிராசைல் என்று அழைக்கப்படும் அந்த நத்தை, பூந்தொட்டி மண்ணோடு பயணம் செய்து வெப்ப நாடுகள் முழுவதும் பரவியிருக்கிறது. நம் தோட்டத்துத் தொட்டியைக் கவிழ்த்தாலும் கிடைக்கும். 1838-ல் ஹட்டனும் பென்சனும் சேர்ந்து மேற்கு இமயமலைப் பகுதி நத்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

பென்சனின் திறமை தெரிவது மிகச் சிறிய நத்தைகளில்தான். இமயமலை அடுக்குகளில், ஈரமான இலைச் சருகுக்கு அடியில் கம்பு மணி அளவே உள்ள நத்தைகள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றின் ஓட்டைப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர் பைஃபர், 1846-ல் அதை புலிமஸ் என்ற பெரிய கூட்டத்தில் சேர்த்திருந்தார். அந்தக் கூட்டம் அப்போது ஒரு கலவைச் சாக்கு மாதிரி. நீளமான ஓடு எதுவானாலும் அதில் போட்டுவிடுவார்கள். 1849-ல் பென்சன் இந்தக் குட்டி நத்தைக்கு டிப்ளோமாட்டினா என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார்.

அந்த ஓட்டைக் கைலென்ஸில் பார்த்தால் காரணம் விளங்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்குள் ஆறேழு சுற்றுகள். சுற்றுகளின் மேல் மெல்லிய வரிகள். ஓட்டின் அகலமான பகுதி, மற்ற நத்தைகளைப் போலக் கடைசிச் சுற்றில் இல்லாமல் பெரும்பாலும் அதற்கு முந்தைய சுற்றில் இருக்கும். வாய் ஏறக்குறைய வட்டம். அதன் உதடு தடித்திருக்கும். பல இனங்களில் வாயின் உள்ளே ஒரு சிறு பல்கூட உண்டு. சில இனங்களின் ஓடு வலப்பக்கமாகவும், சில இனங்களின் ஓடு இடப்பக்கமாகவும் சுற்றும். உயிரோடு பிடித்துப் பார்த்தால் இன்னொரு வேறுபாடு. தோட்டத்து நத்தைக்கு நான்கு கொம்புகள், மேல் கொம்பின் நுனியில் கண். இதற்கு இரண்டே கொம்புகள், கண் அடிப்பாகத்தில். ஓட்டின் வாயை அடைக்க ஒரு மூடியும் உண்டு.

நம் பகுதிக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. நீலகிரியின் பெயரைத் தாங்கிய சைக்ளோஃபோரஸ் நீலகிரிகஸ், மதராஸ் ராணுவ மருத்துவரும் பறவை ஆய்வாளருமான ஜெர்டனின் பெயரைத் தாங்கிய சைக்ளோஃபோரஸ் ஜெர்டோனி ஆகிய இரண்டு நத்தைகளையும் விவரித்தவர் பென்சனே.

அவரிடம் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் படமே போடமாட்டார். லத்தீனில் சில வரி வர்ணனை, அளவு, ஊர்ப் பெயர், அவ்வளவுதான். கையில் ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு அந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் திணறியிருப்பார்கள். அவர் விவரித்த பல நத்தைகளுக்கு ஹான்லி, தியோபால்டு என்ற இருவர் 1870-ல் வெளியிடத் தொடங்கிய நூலில்தான் படம் கிடைத்தது.

1847-க்கு வருவோம். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ராட்சத நத்தை மொரீஷியஸில் ஏற்கெனவே பெருகியிருந்தது. பென்சன் அங்கிருந்து கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தா சௌரிங்கி பகுதித் தோட்டத்தில் விடப்பட்டன. ஒரு முறைக்கு 100 முட்டைகளுக்கு மேல் இடும் உயிரினம் அது. சில பத்தாண்டுகளுக்குள் கல்கத்தா தோட்டங்களில் ஏராளமாகிவிட்டது. 1900 வாக்கில் இலங்கைக்கும் போய்விட்டது. பூச்சி நோய்த் தடுப்புக் காப்பு, தாவரத் தனிமைப்படுத்தல் என்றெல்லாம் அன்று சட்டம் கிடையாது. சேகரிப்பாளர்கள் உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவது சாதாரணம்தான். ஆனாலும் நத்தையின் ஓட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், அதன் பெருக்கத்தை யோசிக்கவில்லை.

பென்சன் காலத்து ஓட்டுப் பாடம் இன்று வயலில் உதவும். நாற்றங்காலில் கிடைக்கும் ஐந்து மில்லிமீட்டர் நத்தை, ராட்சத நத்தையின் குஞ்சாகவும் இருக்கலாம்; மட்கிய இலையைத் தின்று வாழும் உள்ளூர்ச் சிறு இனமாகவும் இருக்கலாம். நத்தை தன் ஓட்டை வாய்ப்பக்கம் மட்டுமே வளர்க்கும். அதனால் குஞ்சாக இருந்தபோது உள்ள ஓடு உச்சியில் அப்படியே இருக்கும். சுற்றுகளை உச்சியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு, மூன்று சுற்றுகளே இருந்து, வாய் விளிம்பு நகத்தால் உடையும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் அது குஞ்சு. அதே அளவு ஓட்டில் ஆறேழு சுற்றுகள் இருந்தால் வளர்ந்த சிறு இனம். அடுத்து, வாயின் உட்பக்கம் ஓட்டின் நடுத்தண்டைப் பாருங்கள். ராட்சத நத்தையில் அது வாயின் அடிவிளிம்போடு சேராமல், வெட்டிவிட்டதுபோலச் சட்டென முடியும். ஊசி நத்தையில் அந்த வெட்டு இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு தொடுவது அவசியம். எலிகளின் நுரையீரல் புழுவை ராட்சத நத்தை சுமந்திருக்கக்கூடும். குஞ்சு என்று உறுதியானால், அருகில் மண்ணைக் கிளறி மிளகளவு வெளிர் மஞ்சள் முட்டைக் குவியல்களைத் தேடி அழிக்கலாம்.

பென்சன் 1870 ஜனவரியில் காலமானார். அவர் சேர்த்த ஓடுகள் ராபர்ட் மேக்ஆண்ட்ரூ என்ற சேகரிப்பாளரின் கைக்குப் போய், பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவருடைய லத்தீன் வர்ணனையில் சந்தேகம் வரும்போது ஆய்வாளர்கள் இப்போதும் அந்த ஓடுகளைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.