கைத்தொழில் காத்த கலை

மதுரைக்கு வடகிழக்கே, வயல்களும் கண்மாய்களும் சூழ்ந்த ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் தோன்றிய அவ்வூர், சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊராகவும் வழிவழியாகப் போற்றப்படுகிறது. கபிலருக்குப் பறம்பு மலைத் தலைவன் பாரி வாய்த்தான். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பும் புலவரைச் சேர்ந்தது. பின்னாளில் சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் பாடி அவர் பரிசில் பெற்றார். பெருஞ்சித்திரனார் என்னும் மற்றொரு புலவரோ, அதியமான் தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். பொருளைப் பெற்றுக்கொண்டு போகும் வணிகராகத் தம்மைக் கருதுதல் அவருக்கு இழிவாகத் தோன்றியது.

கலைஞன் எவ்வாறு உண்டு வாழ்வது, எதை விற்கலாம், எதை விற்றல் ஆகாது என்னும் வினாக்கள் தமிழ் மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையன. வள்ளல்களும் மன்னர்களும் மறைந்துபோன இருபதாம் நூற்றாண்டில், ஓவியர் சிலர் ஒன்றுகூடி அவற்றிற்குத் தம் கைகளாலேயே விடை கண்டனர். அவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

இளமையும் கல்வியும்

பணிக்கர் 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டில் அவருடைய பள்ளிப்பருவம் கழிந்தது. தென்னந்தோப்புகளும் நீர்நிலைகளும் நிறைந்த அப்பகுதியின் பசுமை அவர் கண்ணிலும் கருத்திலும் படிந்தது. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டத் தொடங்கிய அவர், பதினேழாம் வயதில் சென்னை ஓவியக் கண்காட்சியில் தம் படைப்புகளை வைக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

அந்நிலையில் தந்தையை இழந்தார். குடும்பப் பொறுப்பு இளைஞரின் தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் பணியில் சேர்ந்தார். பகலெல்லாம் அலுவலுக்கு உரியதாக, எஞ்சிய பொழுதே தூரிகைக்கு உரியதாயிற்று. வயிற்றுக்கான வேலையும் உள்ளத்துக்கான வேலையும் ஒரே மனிதரின் நாளைப் பங்கிட்டுக்கொள்ளும் துன்பத்தை அவர் நூல்களின் வழி அறியவில்லை, வாழ்ந்தே அறிந்தார்.

இருபத்தைந்தாம் வயதில், 1936ஆம் ஆண்டில், சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. ஓவியத்தோடு கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தார். சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர், பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார்.

ஆசிரியர் கண்ட குறை

சென்னையில் புதிய ஓவியத்திற்கு ஓர் அரங்கு வேண்டும் என்னும் எண்ணத்தால், 1944ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தைப் பணிக்கர் தோற்றுவித்தார். 1954ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று, இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்குக் கண்ட புதிய ஓவிய முறைகள் அவரைச் சிந்திக்கத் தூண்டின. மேலைநாட்டாரைப் பின்பற்றி வரைவது மட்டும் போதாது. இந்திய மண்ணின் கோடும் குறியும் புதிய ஓவியத்தில் இடம்பெறல் வேண்டும் என்னும் தேடல் அவருள் வலுப்பெற்றது. 1957ஆம் ஆண்டு, ஆசிரியர் ராய் சௌத்ரிக்குப்பின் பணிக்கரே முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

முதல்வரின் இருக்கையிலிருந்து பார்த்தபோது ஒரு குறை அவர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. ஆண்டுதோறும் திறன்மிக்க இளைஞர்கள் பயிற்சி முடித்து வெளியேறினர். ஆயின், அவர்களுடைய ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. சென்னையில் ஓவியம் விற்கும் நிலையங்களும் அரியனவாகவே இருந்தன. ஆகவே சிலர் விளம்பர நிறுவனங்களை நாடினர்; சிலர் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் வரையும் பணியில் அமர்ந்தனர்; சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராயினர். இவை யாவும் நேர்மையான தொழில்களே. எனினும், நாள் முழுவதும் பிறர் விருப்பத்திற்கு வரைந்த கை, மாலையில் தன் விருப்பத்திற்கு வரைய எழுவதில்லை. சில ஆண்டுகளில் பலருடைய தூரிகை உலர்ந்தே போயிற்று.

தந்தி அலுவலகத்தில் இளமைப் பொழுதைச் செலவிட்ட ஆசிரியருக்கு இது பிறருடைய சிக்கலாகத் தோன்றியிருக்க முடியாது.

மெழுகும் சாயமும்

ஓர் ஓவியத்தை வரைந்து முடிக்கப் பல வாரங்கள் ஆகலாம். அதை வாங்க ஒருவர் வரும் நாளையோ எவரும் உறுதி கூற இயலாது. கைவினைப்பொருளின் இயல்பு வேறு. அது அளவிற் சிறியது. சில நாள்களில் முடிவது. நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கக்கூடிய விலையினது. உடுக்கவோ வீட்டில் பயன்படுத்தவோ உதவுவது. ஓவியர் தம் நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுத்தால், எஞ்சிய பகுதியை எவருக்கும் அஞ்சாமல் ஓவியத்திற்குக் கொடுக்கலாம். இந்த எளிய கணக்கே 1960களின் நடுவில் உருவான ஓவியர் கைவினைச் சங்கத்திற்கு அடிப்படையாயிற்று.

அவர்கள் செய்த பொருள்களுள் முதன்மை பெற்றது பாத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணி. மணிமேகலைக் காப்பியம் பேசும் சாவக நாட்டில், அதாவது இன்றைய சாவாத் தீவில், சிறப்புற்று விளங்கும் கலை இது. துணியின் கஞ்சியை நீக்கி, அதன்மேல் வடிவத்தை வரைவர். சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவுவர். சூடான சாயம் மெழுகை உருக்கிவிடும் ஆதலின், துணியைக் குளிர்ந்த சாயத்தில் தோய்ப்பர். உலர்ந்தபின் மீண்டும் மெழுகிட்டு, அடர்ந்த வண்ணத்தில் தோய்ப்பர். வெளிர் வண்ணத்தில் தொடங்கி அடர் வண்ணத்தில் முடிவது இதன் முறை. இறுதியில் கொதிநீரில் இட்டால் மெழுகு நீங்கி வடிவம் வெளிப்படும். தோய்க்கும்போது மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் ஊறி, மெல்லிய கோடுகள் பின்னலாகப் பரவும். அப்பின்னல் ஒரு துணியில் விழுந்தவாறு மற்றொன்றில் விழுவதில்லை. ஆகவே, ஒரே வடிவத்தைப் பலமுறை செய்தாலும் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையதாகவே அமையும்.

ஓவியருக்கு இத்தொழில் பொருந்தியதன் காரணமும் இதுவே. கோட்டின் உறுதி, வண்ணங்களின் வரிசை, வெற்றிடத்தின் மதிப்பு ஆகிய மூன்றும் இதற்கு வேண்டும். அவை மூன்றும் ஓவியர் ஏற்கெனவே பயின்றவை. துணிகளோடு மண்பாண்டம், உலோகம், தோல் ஆகியவற்றிலும் அவர்கள் கைவினைப்பொருள்களைச் செய்தனர். ஓவியத்திற்குக் கிட்டாத வரவேற்பு இவற்றிற்குக் கிட்டியது. ஓவியக் கண்காட்சிக்குள் நுழையத் தயங்கிய குடும்பங்களும் ஒரு பாத்திக் துணியை மகிழ்ந்து வாங்கின.

மணல்வெளியில் ஓர் ஊர்

விற்பனையில் கிடைத்த பணத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துச் செலவிட்டிருந்தால், அது சில மாத உணவுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அதற்கு மேல் ஒன்றும் எஞ்சியிராது. அவர்கள் பொதுநிதி சேர்த்தனர். அந்நிதியைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966ஆம் ஆண்டு அங்கு எழுந்ததே சோழமண்டலம் ஓவியர் கிராமம். சோழர் ஆண்ட கடற்கரையின் பழம்பெயரே அவ்வூரின் பெயராயிற்று.

அந்நாளில் அப்பகுதி வெறும் மணல்வெளி. நகரத்தின் வசதிகள் அங்கு எட்டவில்லை. ஓவியரும் சிற்பியருமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் இம்முயற்சியில் இணைந்தனர். சே. சுல்தான் அலி, கே.எம். கோபால், எஸ்.ஜி. வாசுதேவ், பி.எஸ். நந்தன், மு. சேனாதிபதி, பணிக்கரின் மகனான சிற்பி எஸ். நந்தகோபால் முதலியோர் அவ்வூரோடு தொடர்புடைய கலைஞர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். கனவுலகம் போன்ற கோட்டோவியங்களை வரைந்த கே. இராமானுசமும் அங்கு வாழ்ந்தவரே. அரசின் கொடையோ செல்வரின் புரத்தலோ இன்றி, கலைஞர்கள் தம் கைவினையின் வருவாயால் நிலம் வாங்கி, தமக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொண்டமை இந்தியக் கலை வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

1967ஆம் ஆண்டு பணிக்கர் முதல்வர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் சோழமண்டலமே அவர் வாழ்வின் மையமாயிற்று.

கலையும் கைத்தொழிலும்

ஓவியர் துணிக்குச் சாயமிடுவது தகுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. மேலைநாட்டுக் கல்விமுறையின் வழி வந்த நுண்கலை, கைத்தொழில் என்னும் பாகுபாடு அந்த ஐயத்திற்கு வலிமை சேர்த்தது. ஆனால், நம் மரபில் இப்பாகுபாடு வேரூன்றியதன்று. சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்ப்பவரும், காஞ்சியில் பட்டு நெய்பவரும், கோயில் விதானத்தில் ஓவியம் தீட்டியவரும் கலைஞரே, தொழிலாளரும் அவரே. கைத்தொழிலுக்கென்றே தொடங்கப்பட்ட பள்ளியில் பயின்று, அதன் முதல்வராகவும் உயர்ந்த பணிக்கருக்குக் கைவினை தாழ்ந்ததாகத் தோன்றவில்லை.

இக்காலத்தில் வங்காள ஓவியர் ஜாமினி ராயும் இதே வினாவுக்கு வேறொரு விடை கண்டிருந்தார். அவர் நாட்டுப்புற ஓவிய மரபைத் தழுவி, எளிதில் கிடைக்கும் வண்ணங்களைக் கொண்டு வரைந்து, தம் ஓவியங்களையே எளிய மக்களும் வாங்கும் விலைக்குக் கொடுத்தார். விலை குறையவேண்டுமாயின் எண்ணிக்கை பெருகவேண்டும்; ஆகவே ஒரே வடிவம் பலமுறை வரையப்பட்டது. சோழமண்டலத்தார் சென்ற வழி வேறு. அவர்கள் கைவினையைச் சந்தைக்கு அனுப்பினர். ஓவியத்தைச் சந்தையின் விருப்பத்திலிருந்து விலக்கி வைத்தனர்.

இவ்வழியிலும் இடர் உண்டு. நன்கு விற்கும் வடிவத்தையே மீண்டும் மீண்டும் கேட்பது சந்தையின் இயல்பு. அதற்கு முழுவதும் இணங்கினால், ஓவியத்திற்கென ஒதுக்கிய பொழுதையும் கைவினையே விழுங்கிவிடும். வருவாய் எவ்வளவு வந்தால் போதும் என்னும் எல்லையை அறிந்தவருக்கே இம்முறை பயன் தரும். ஈட்டுவதற்கு வேண்டிய அதே உறுதி, ஈட்டியது போதும் என நிறுத்துவதற்கும் வேண்டும். ஒத்த நோக்குடையோர் அருகருகே வாழ்ந்தமையால் சோழமண்டலத்தில் அவ்வுறுதி எளிதாயிற்று.

சொற்களும் குறியீடுகளும்

இவ்வாறு கிடைத்த விடுதலையின் பயனைப் பணிக்கரின் ஓவியங்களிலேயே காணலாம். 1963ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. மலையாள எழுத்தை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், வடிவியல் உருவங்கள், சிறு பறவைகள், விலங்குகள் ஆகியவை அவ்வோவியங்களில் பழைய ஏட்டின் பக்கம் போல நிறைந்திருக்கும். அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள்காண இயலாது. ஆயினும், நம் வீட்டுப் பரணில் கிடந்த சுவடியைக் கண்ட உணர்வைப் பார்ப்பவர் அடைவர். ஐரோப்பாவிலிருந்து திரும்பியது முதல் அவர் தேடிய இந்திய மண்ணின் குரல் இங்கு உருப்பெற்றது.

இத்தகைய ஓவியங்களுக்கு உடனடியாக வாங்குவோர் திரள்வதில்லை. பழகிய அழகை விட்டு விலகும் படைப்பு, தன்னைப் புரிந்துகொள்ளும் கண்களுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் கலைஞன் பட்டினி கிடக்கலாகாது. சோழமண்டலத்து இளம் கலைஞர்களுக்கு அக்காலத்தைக் கடக்க உதவியவை, ஒவ்வொன்றாக விற்ற அந்தச் சிறு துணிகளே.

நிலைத்த பயன்

1976ஆம் ஆண்டு இந்திய லலித் கலா அகாதெமி தன் உயரிய உறுப்பினர் தகுதியை வழங்கிப் பணிக்கரைப் பெருமைப்படுத்தியது. 1977ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் இயற்கை எய்தினார். ஆண்டுகள் செல்லச்செல்ல, சோழமண்டலத்தாரின் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் நாட்டிலும் வெளிநாட்டிலும் மதிப்பு உயர்ந்தது. அதற்கேற்பக் கைவினைப் பணியின் பங்கு குறைந்தது. தன் கடமையை முடித்தபின் மெழுகு துணியிலிருந்து நீங்குவதைப்போல, கைவினையும் தான் காக்கவேண்டியதைக் காத்தபின் விலகி நின்றது.

சென்னையில் தோன்றி வளர்ந்த இக்கலை இயக்கத்தின் படைப்புகளைக் காக்கும் அருங்காட்சியகம் ஒன்று 2009ஆம் ஆண்டு சோழமண்டலத்தில் திறக்கப்பட்டது. மணல்வெளியாக இருந்த நிலத்தில் இன்று மரங்கள் நிழல் தருகின்றன. அவற்றினிடையே கற்சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் நிற்கின்றன. அங்கு வருவோர் பெரும்பாலும் ஓவியங்களைக் கண்டு வியந்து செல்கின்றனர். அவ்வோவியங்கள் தொங்கும் சுவர் எழுந்துள்ள நிலம், யாரோ ஒருவர் தம் வீட்டிற்கென வாங்கிச் சென்ற ஒரு முழத் துணியின் விலையால் ஆனது என்பதையும் உணர்ந்தால், பணிக்கரின் வாழ்வை முழுமையாக அறிந்தவராவர்.