குற்றாலச் செடிகளைக் கல்லில் அச்சேற்றிய டாக்டர் வைட்

மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டதும், நூற்பாலை எந்திரங்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்பிண்டில், ரோலர் என்று நான் எழுதினால் அதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? பஞ்சுக்கும் அச்சுக்கும் நம்ம குற்றால மலைக்கும் சேர்த்து முடிச்சுப் போட்ட ஒரு மனிதர் இருந்தார். பெயர் டாக்டர் ராபர்ட் வைட். தாவரவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பல செடிகளின் லத்தீன் பெயர் இவர் பெயரில்தான் முடிகிறது. என்னைப் போன்ற பொறியியல்காரர்களுக்கு இவரைத் தெரிய வாய்ப்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வைட் 1796ல் ஸ்காட்லாந்தில் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தவர். கல்லச்சு என்று நாம் சொல்லும் லித்தோ முறையை ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்ததும் அதே 1796ல்தான் என்பார்கள். இது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை டாக்டராகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். வேலை என்னவோ சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது. மனசெல்லாம் செடி கொடிகள் மேல்.

1826ல் அவருக்கு அரசாங்க இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 1828ல், கவர்னர் லஷிங்டன் செலவைக் குறைக்கிறேன் என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். சேகரித்ததெல்லாம் லண்டனுக்குப் போனது. வைட் நாகப்பட்டினத்தில் மறுபடி படை டாக்டர். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் சொந்தப் பணத்தில் ஆள் வைத்துச் செடி சேர்த்தார். 1831ல் விடுப்பில் ஊருக்குப் போனபோது கூடவே சுமார் ஒரு லட்சம் உலர்ந்த மாதிரிகள் போயின. எடை 2 டன்! கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஹுக்கரும், நண்பர் ஆர்னாட்டும் உதவ, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய முக்கியமான நூலின் முதல் பாகம் 1834ல் வெளிவந்தது.

அதே வருஷம் இந்தியாவுக்குத் திரும்பியவருக்குப் பெல்லாரியில் வேலை. அங்கிருந்து அவருடைய படைப்பிரிவு நம்ம பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டது. சுமார் 700 மைல் தூரத்தையும் படையோடு நடந்தே வந்தார், வழியெல்லாம் செடி பறித்துக்கொண்டு. பாளையங்கோட்டைக்கு வந்தவர் குற்றாலத்துக்கு வராமல் இருப்பாரா? நாம் சீசனுக்குப் போய் அருவியில் தலையைக் காட்டிவிட்டு, வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். அவர் அருவிக்கு மேலே உள்ள காட்டைப் பார்த்தார். கீழே வெயில் காயும் தென்காசிச் சீமை, மேலே சாரலில் எப்போதும் நனைந்திருக்கும் மலை. இந்தச் சின்ன இடத்துக்குள் இத்தனை வகைச் செடிகளா என்று வியந்து, குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றிச் சென்னையில் வெளிவந்த அறிவியல் இதழில் எழுதினார். புளியங்குடியிலிருந்து நாம் தினமும் பார்க்கிற மேற்கு மலையும் இதே தொடரின் நீட்சிதான்.

இனி அச்சு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செடியின் படம் இல்லாமல் வெறும் லத்தீன் வர்ணனையை வைத்துக்கொண்டு இந்தியாவில் இருப்பவர் எதையும் அடையாளம் காண முடியாது என்பது வைட்டின் எண்ணம். படத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அச்சிட்டால் விலை ஏறும், வருஷமும் ஓடும். அதனால் சென்னையிலேயே அச்சிட முடிவு செய்து, கல்லச்சு வேலையைத் தானே கற்றுக்கொண்டார். பள்ளம் தோண்டாமல், மேடும் எழுப்பாமல், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே தத்துவத்தில் நடக்கிற அச்சு இது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கோந்தும் அமிலமும் கலந்து பூசி, கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், கோடு உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சுக்கும் இதுதான் தாத்தா. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலர் ஆஃப்செட்டில் அடித்ததென்றால் அதுவும் அந்தக் குடும்பம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லில் நேரே வரைந்தால் தாளில் இடம் வலமாக மாறி விழும். இலைக்குப் பரவாயில்லை. கொம்பைச் சுற்றி ஏறுகிற கொடிக்கு அப்படியில்லை; சுற்றும் திசை மாறினால் விஞ்ஞானமே தப்பாகிவிடும். தவிர நம்ம ஊர் வெயிலில் எண்ணெய் மை இளகும், ஈரம் சட்டென்று காயும். இத்தனைக்கும் நடுவே 1838 முதல் 1853 வரை, ஆறு தொகுதிகளில் 2,101 படத்தாள்கள் கொண்ட இக்கோனஸ் என்ற பெருநூலை வைட் கொண்டுவந்தார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் தீட்டினால் விலை எட்டாது என்று தெரிந்தே அப்படிச் செய்தார். வண்ணப் படங்களுக்குத் தனி நூலே போட்டார்.

இந்தப் படங்களை வரைந்தவர் வைட் அல்ல. 1826 முதல் 1845 வரை ரங்கையா, அதன்பின் 1853 வரை கோவிந்து. இரண்டு பேரும் நம்ம நாட்டு ஓவியர்கள். பெயரைப் பார்த்தால் தெலுங்கு வழி மாதிரி தெரிகிறது. அந்தப் படங்களின் கோடுகளைப் பார்க்கும்போது எனக்குக் கலம்காரித் துணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. தண்டு ஒரே இழுப்பில் வளைந்து போகும், இலை விளிம்பு நடுக்கமில்லாமல் இருக்கும். பூவை அறுத்து உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் பகுதி மட்டும் ஐரோப்பியப் பாணி. கம்பெனி அதிகாரிகளுக்கு வேலை செய்த நம்மவர்கள் எத்தனையோ பேர் ஊர் பேர் தெரியாமல் போனார்கள். வைட் இவர்கள் பெயரைப் படத்தின் அடியிலேயே அச்சிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

பஞ்சுக் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. 1836ல் பருத்தி, புகையிலை, நிலாவரை முதலியவற்றை ஆராயும் வேலைக்கு வைட் மாற்றப்பட்டார். லங்காஷயர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். அமெரிக்காவை மட்டும் நம்பியிருக்கப் பிரிட்டனுக்கு விருப்பமில்லை. ஆகவே அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவிக்கத் திட்டம் போட்டு, 1842ல் கோயம்புத்தூரில் அதன் பொறுப்பை வைட்டிடம் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டும் அந்தப் பருத்தி நம் விவசாயியின் பயிராக மாறவில்லை. கூடவே வந்த ரம்பப் பல் ஜின், அமெரிக்கப் பஞ்சுக்குச் சரி. நம் நாட்டுக் குட்டை இழையை அது வெட்டிப்போட்டுவிடும். நம்ம பக்கத்துக் கரிசல்காரருக்குக் கருங்கண்ணி மானாவாரியிலேயே வரும், மழை ஏமாற்றினாலும் கொஞ்சமாவது கொடுக்கும். வெளிநாட்டு ரகத்தை அவர் ஏன் நம்பணும்? தார்வார் பக்கம் அமெரிக்கப் பருத்தி நிலைத்தது. நம் சீமையில் நீண்ட இழை பரவியது 1900க்குப் பிறகு, கம்போடியா ரகம் வந்தபோதுதான். பஞ்சு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வைட்டின் உழைப்பில் குறை இல்லை, மேலிடத்தின் கணக்கில்தான் குறை. ஆலைக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்களே தவிர, நிலம் என்ன தரும் என்று முதலில் கேட்கவில்லை.

1853ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். ரெடிங் அருகே கிரேஸ்லியில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். தன் தாவரச் சேகரிப்பை 1871ல் கியூ தோட்டத்துக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1872 மே மாதம், காலமானார். அவர் சேகரித்த மாதிரிகள் சில கோயம்புத்தூரில் உள்ள தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவரகத்திலும் இருக்கின்றன. தாவரவியல் படிக்கும் தம்பி தங்கைகள் அனுமதி வாங்கிப் போய்ப் பார்க்கலாம். இக்கோனஸ் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருந்த மூல ஓவியங்களைத் தேடி எடுத்து, 2007ல் ஹென்றி நோல்டி என்பவர் மூன்று புத்தகங்கள் போட்டார். தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து இருவர் பெயரும் இருக்கிறது. கோவிந்துவுக்கு இன்னொரு மரியாதையும் நடந்தது. இக்கோனஸின் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்தூயா என்று பெயர் சூட்டினார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அந்தச் செடி ட்ரோபிடியா என்ற பழைய பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டு அதோடு சேர்த்துவிட்டார்கள். கோவிந்தூயா என்ற பெயர் இப்போது வழக்கில் இல்லை. அந்தப் படத்தாள் மட்டும் ஆறாம் தொகுதியில் அப்படியே இருக்கிறது.