இராஜராஜப் பெரும்பள்ளியும் பரணவிதானவும்

திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் கோயிலைத் தொழுது, துறைமுகத்தைக் கண்டு, உப்புவெளிக் கடற்கரையில் இளைப்பாறித் திரும்பிவிடுவர். உப்புவெளிக்கு வடமேற்கே, கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு அப்பால், பெரியகுளத்தருகே உள்ள இடிபாடுகளை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. சுற்றுப்புறத்துத் தமிழர் அவ்விடத்தை நாதனார் கோயில் என்றனர். சிங்கள மரபு வெல்கம் விகாரை என்றது. அங்குக் கிடைத்த சோழர் காலத் தமிழ்ச் சாசனங்களோ இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. 1929இலும் 1953இலும் நடந்த அகழ்வுகளே இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தன. இரண்டாம் அகழ்வின்போது தொல்பொருள் ஆணையாளராக விளங்கியவர் செனரத் பரணவிதான.

காலி நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1896இல் பிறந்தவர் அவர். 1923இல் தொல்பொருட்டிணைக்களத்திற் சேர்ந்து, தமிழகத்தின் உதகமண்டலத்திற் கல்வெட்டுப் பயிற்சி பெற்றார். 1936இல் இலெயிடன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் அளித்தது. நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்குச் சோழ மன்னர் அளித்த கொடைகளைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகள் அந்நாளில் இருந்ததும் அப்பல்கலைக்கழகத்திலேதான். அப்பள்ளியின் பெயர்களுள் ஒன்றும் இராஜராஜப் பெரும்பள்ளியே என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை. 1940இல் ஆணையாளரானார், அப்பதவியை நிலையாக ஏற்ற முதல் இலங்கையர் அவரே.

இவருடைய உழைப்பின் தடங்களைத் திருகோணமலைக் கரையோரம் நெடுகக் காணலாம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், குச்சவெளியிலும் அதற்கப்பால் திரியாயிலும் வடமொழிப் பாறைச் சாசனங்கள் உள்ளன. இரண்டையும் படித்துப் பதிப்பித்தவர் பரணவிதான. திரியாய்ச் சாசனத்தின் எழுத்து பல்லவ கிரந்தத்தோடு உறவுடையது. கடல் கடந்து வந்த வணிகரும் துறவியரும் இக்கரையில் விட்டுச்சென்ற நினைவை அவ்வெழுத்தே நமக்குக் காட்டிவிடுகிறது.

தமிழர் மறக்கலாகாத பணி வேறொன்றும் உண்டு. அநுராதபுரத்துப் பாறையொன்றிற் பிராமி எழுத்திலே, தமிழ் இல்லறத்தார் கூடிய மாளிகைத் தளமும் அவரவர்க்குரிய இருக்கைகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் கப்பலோட்டி. 1940இல் இதனை விளக்கிக் கட்டுரை வரைந்தார் பரணவிதான. பண்டை இலங்கையில் தமிழர் படையெடுத்து வந்தோர் மட்டுமே என்று எண்ணியிருந்தோர்க்கு, அத்தலைநகரிலேயே குடியும் வாணிபமுமாய் வாழ்ந்த தமிழரை அச்சாசனம் காட்டிற்று. பரணவிதான சிங்களப் பௌத்த மரபிற் பெருமிதங் கொண்டவர்; வரலாறு எழுதுகையில் அப்பெருமிதம் அவரை ஒருபக்கம் இழுத்ததும் உண்டு. ஆயினும் கல்லின் முன்னே அமர்ந்தபோது கல் கூறியதையே எழுதினார். வெல்கம் விகாரையிற் கிடைத்த தமிழ்ச் சாசனங்களும் அவ்வாறே திணைக்கள அறிக்கையில் இடம்பெற்றன. நந்தா விளக்கெரிக்கத் தமிழர் ஆனிரை ஈந்த பௌத்தப் பள்ளி ஒன்று ஈழத்திலும் இருந்ததென்பதற்கு அவை சான்று.

1956இல் ஓய்வு பெற்றார். சிகிரிச் சுவரிற் பொறிக்கப்பட்ட 685 பாடல்களைக் கொண்ட பெரும்பதிப்பு வெளிவந்ததும் அவ்வாண்டே. பின்னர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராக அமர்ந்த காலத்திலேதான் அந்த வியப்பான திருப்பம் நேர்ந்தது. பழஞ்சாசன வரிகளுக்கிடையே நுண்ணெழுத்தில் வேறு வரலாறு பொறிக்கப்பட்டிருப்பதாகக் கூறி, அதனை ஆதாரமாக்கி இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் உள்ள உறவுபற்றி 1966இல் ஒரு நூலே எழுதினார். அவ்வெழுத்துகள் பிறர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மறு ஆண்டே ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன இக்கொள்கையை விரிவாக மறுத்தெழுதினார். ஆசான் பிழைபட்டால் அதனை எடுத்துரைப்பது இளையோர் கடன். அக்கடன் தயங்காமற் செய்யப்பட்டது.

பரணவிதான தளர்ந்துவிடவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராமிச் சாசனங்களைத் திரட்டிய தொகுதியை 1970இல் வெளியிட்டார். 1972 அக்டோபரில் மறைந்தார். நுண்ணெழுத்துக் கொள்கையை ஏற்காத ஆய்வாளரும் பிராமிச் சாசனம் ஒன்றைத் தேடும்போது முதலிற் புரட்டுவது அத்தொகுதியைத்தான்.