ஆர்தர் காட்டன்

சர் ஆர்தர் தாமஸ் காட்டன் (1803 - 1899) காவிரி, கோதாவரி ஆறுகளில் அணைகள் கட்டிய பிரித்தானியப் பொறியாளர் ஆவார். 1821 ஆம் ஆண்டு இந்தியா வந்த இவர், சென்னை மாகாணப் பொறியாளர் படைப்பிரிவில் பணிபுரிந்தார்.

காவிரிப் பணி

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. எனவே நீரின் பெரும்பகுதி அதன் வழியே கடலுக்குச் சென்றது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்களுக்கு நீர் குறைந்தது. இக்குறையை நீக்க, 1836 இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் காட்டன் அமைத்தார். மணற்படுகையின் மீதும் அடித்தளம் இடலாம் என்பதைக் கல்லணையிலிருந்து இவர் அறிந்திருந்தார். மணலை வெளியேற்ற மேலணையில் மதகுகள் வைக்கப்பட்டன. ஆற்றின் கீழ்ப்பகுதியில், அணைக்கரை என்னுமிடத்தில் கீழணை கட்டப்பட்டது.

மேலணையால் எதிர்விளைவும் உண்டானது. காவிரியில் நீர் மிகுந்து, அதன் படுகை அரிக்கப்பட்டது. ஆகவே 1845 அளவில் காவிரியின் தலைப்பிலும் குறுக்குச் சுவர் ஒன்று கட்டப்பட்டது. ஓர் ஆற்றை மட்டும் கட்டுப்படுத்துவது போதாது என்பதை இது உணர்த்தியது.

பிற்காலம்

கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணையை 1847 - 1852 ஆண்டுகளில் கட்டினார். 1861 இல் சர் பட்டம் பெற்றார். மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகத்து வெள்ளத்தில் உடைந்தன. பின்னர் அதனருகே புதிய கதவணை கட்டப்பட்டது.