இடுப்புக்குப் புதிய மூட்டு கொடுத்த ஜான் சார்ன்லி

பழனி மலைக் கோவிலுக்கு 693 படிகள். காவடியோடு ஓடியே ஏறுகிறவர்கள் உண்டு. அடிவாரத்தில் பாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிற பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது.

1966-ல் பழனியில் விஞ்ச் வந்தது. 2004-ல் ரோப் கார் வந்தது. இவை மலை மேலே கொண்டுபோய் விடும். ஆனால் வீட்டு வாசற்படியை யார் ஏற்றிவிடுவது?

அந்தப் படியையும் ஏற வைத்தவர் ஓர் ஆங்கிலேய டாக்டர். பெயர் ஜான் சார்ன்லி.

1911 ஆகஸ்டு 29-ந் தேதி இங்கிலாந்தில் பெரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். தாய் நர்சு. மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் பெற்றார். உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்தார். எலும்பு வைத்தியமே அவருக்கு உயிர். எந்த அளவுக்கு என்றால், எலும்பு ஒட்டு எப்படி வளர்கிறது என்று அறிய, 1946-ல் தன் கால் எலும்பையே அறுத்துச் சோதனை செய்யக் கொடுத்தார். அதில் சீழ் பிடித்து வெகுவாகக் கஷ்டப்பட்டார்.

கீச்சிட்ட மூட்டு

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பு எலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்தில் வழுக்கிச் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம்.

பாரீசில் ஜூடே சகோதரர்கள் 1946-ல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பந்து செய்து பொருத்தினார்கள். அப்படிப் பந்து பொருத்திக்கொண்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் குனிந்தால் மூட்டு கீச்சென்று கத்துமாம். சாப்பாட்டு மேஜையில் அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி எழுந்து போய்விடுவாராம்! கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி சிரிக்கவில்லை. கத்துகிறது என்றால் உரசுகிறது. உரசினால் எலும்பிலிருந்து பிடி விட்டுவிடும் என்று கணக்குப் போட்டார்.

ஆக, வேலை இரண்டு. உள்ளே வழுக்க வேண்டும். வெளியே எலும்பை இறுகப் பிடிக்க வேண்டும்.

பிடிப்புக்கு, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் ஒருவகைச் சிமெண்டை எடுத்தார். அது கோந்து அல்ல. எலும்பின் சிறு குழிகளில் புகுந்து இறுகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கொத்தனார் வைக்கும் சாந்து போல.

வழுக்கலுக்கு டெஃப்லான் எடுத்தார். தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள். அதில் கிண்ணம் செய்து, எஃகுப் பந்தை உருள விட்டார். ஊன்றுகோலோடு வந்தவர்கள் கோலை வீசிவிட்டு நடந்தார்கள். ரைட்டிங்டன் என்ற இடத்தில், பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில், 1961-ல் இடுப்பு மூட்டுக்கென்றே தனிப் பிரிவு திறந்தார். சுமார் 300 பேருக்குப் பொருத்தியாயிற்று.

அப்புறம் இடி விழுந்தது.

இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. தேய்ந்த தூள் மூட்டைச் சுற்றிக் கட்டியாகத் திரண்டது. அந்தத் தூளை விழுங்க உடம்பின் அணுக்கள் திரண்டு வந்தன. அந்தச் சண்டையில் பக்கத்து எலும்பு கரைந்தது. நடந்தவர்கள் மறுபடி வலியோடு வந்தார்கள். பலரை மீண்டும் அறுக்க நேர்ந்தது.

தன் தொடையில் சோதனை

சார்ன்லி தவறை மறைக்கவில்லை. டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே ஊசி மூலம் செலுத்திக்கொண்டார். பக்கத்திலேயே இன்னொரு பிளாஸ்டிக்கின் தூளையும் வைத்தார். ஒன்பது மாதங்களுக்குப் பின் பார்த்தால், டெஃப்லான் இருந்த இடத்தில் கட்டி. மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. இதை 1963-ல் மருத்துவப் பத்திரிகையில் தானே எழுதினார்.

அந்த இன்னொரு பிளாஸ்டிக் வந்த கதை வேடிக்கையானது. 1962-ல் ஒரு விற்பனையாளர் துணி ஆலைகளுக்கான பல்சக்கரப் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். பாலிஎத்திலீன் வகை. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். அவருடைய தொழிலாளி ஹாரி கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்தபோது அதை இயந்திரத்தில் போட்டு இரவு பகலாக உருட்டினார். மூன்று வாரத்தில் அது தேய்ந்த அளவு, டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்ததைவிடக் குறைவு! அந்த ஆண்டு நவம்பரிலேயே புதிய கிண்ணம் நோயாளிகளுக்கு வந்தது. அந்தத் தொழிலாளியின் பிடிவாதம் இல்லாவிட்டால் கதை எங்கே போயிருக்குமோ!

சீழ் பிடிக்காதிருக்க, சுத்தமான காற்று மட்டும் வரும் கூண்டுக்குள் அறுவை செய்தார். தன்னிடம் வந்து பழகிய டாக்டர்களுக்கே ஆரம்பத்தில் மூட்டை விற்க அனுமதித்தார். இறந்தபின் மூட்டைச் சோதிக்கத் தரும்படி நோயாளிகளைக் கேட்டுக்கொண்டார், பலர் சம்மதித்தார்கள். 1974-ல் லாஸ்கர் பரிசு, 1977-ல் சர் பட்டம். 1982 ஆகஸ்டு 5-ல் காலமானார்.

சொரசொரப்பான டைட்டானியம்

சிமெண்ட் இன்றும் உண்டு. ஆனால் சிமெண்டே இல்லாமல் எலும்பையே பிடிக்கச் செய்ய முடியுமா?

முடியும் என்பதற்கான தடயம் 1952-லேயே சுவீடனில் கிடைத்திருந்தது. பிரோனெமார்க் என்பவர் முயலின் எலும்பில் டைட்டானியக் குழாய் வைத்திருந்தார். சோதனை முடிந்து கழற்றப் போனார். வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிவிட்டது!

டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உண்டாகும். அதை எலும்பு பகையாக நினைப்பதில்லை. ஆனால் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பது முக்கியம். வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு நிற்குமா? கொத்தனார் உளியால் கொத்திவிட்டே பூசுவார். எலும்பு அணுக்களுக்கும் அப்படித்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மேடு பள்ளம் இருந்தால் நன்றாகப் பற்றிப் புது எலும்பைப் படிய வைக்கின்றன. கால் மில்லிமீட்டர் போன்ற துளைகள் இருந்தால் எலும்பு உள்ளேயே வளர்ந்து புகுந்துகொள்ளும். ஒரு நிபந்தனை: ஆரம்ப வாரங்களில் மூட்டு ஆடக் கூடாது. ஆடினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, பிடிப்பு போய்விடும்.

1980-களிலிருந்து இத்தகைய கிண்ணங்கள் பரவலாயின. வெளிப்புறத்தைத் தடவினால் உப்புத்தாள் போல இருக்கும். உள்ளே, பந்து உருளும் இடத்தில் பெரும்பாலும் இருப்பது, கிரேவன் இரவு பகலாக உருட்டிப் பார்த்த அந்தப் பிளாஸ்டிக்கின் மெருகேறிய வகைதான்.