வாணத்தில் தபால் விடுத்த ஸ்டீபன் ஸ்மித்

ஆகாய விமானம் கடலிலோ மலைச்சாரலிலோ வீழ்ந்தவிடத்து, அதனின்றும் மீட்கப்பெற்ற கடிதங்களை ஆவலோடு தேடிச் சேர்ப்போர் உளர். கருகிய உறையும், உப்புநீரில் ஊறித் தபால்தலை கழன்ற உறையும் அவர்க்கு அரும்பொருள்கள். ஆகாயத் தபாலைச் சேகரித்து ஆராய்ந்ததோடு அமையாமல், இத்தகைய உறைகள் சிலவற்றைத் தம் கையாலேயே உண்டாக்கவும் நேர்ந்தவர் ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர் ஸ்மித் என்பவர்.

இவர் 1891-ஆம் ஆண்டு ஷில்லாங்கில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பமொன்றில் பிறந்தார். அஸன்ஸாலில் கல்வி கற்றார். கல்கத்தாவில் முதலிற் சுங்க இலாகாவிலும், பின்பு போலீஸிலும் வேலை பார்த்து, இறுதியிற் பல் வைத்தியரானார். ஆயினும் மனம் சென்றது வேறு வழியில். 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 6,500 கடிதங்களை விமானத்திலேற்றி யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்குக் கொண்டு சென்றார். அன்று தொடங்கிய இந்திய ஆகாயத் தபாலின் சரித்திரத்தைத் தொகுப்பதில் ஸ்மித் பேருழைப்பு உழைத்தார். இந்திய ஆகாயத் தபால் சங்கத்தின் காரியதரிசியாகவும் விளங்கினார்.

1931-ல் ஆஸ்திரியாவில் ஷ்மீடல் என்பவர் வாணத்திற் கடிதங்களை வைத்து மலையினின்றும் கீழே அனுப்பினார். வெள்ளத்தாற் பாலமற்றுப்போன ஊர்களுக்கும், கரையணுக முடியாத கப்பல்களுக்கும் இம்முறை நம் நாட்டிற் பயன்படுமென்று ஸ்மித் எண்ணினார். கல்கத்தா வாணக்காரர் செய்து கொடுத்த வாணங்களே இவருடைய கருவிகள். 1934 செப்டம்பர் 30-ல் கப்பலிலிருந்து ஸாகர் தீவை நோக்கி முதல் தபால் வாணத்தை விடுத்தார். அது நடுவானிலேயே வெடித்தது! நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் சிதறின. பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்தனர். வேறொருவராயின் அத்தோல்வியை மறைத்திருப்பர். இவரோ அவ்வுறைகளைப் பேணிக் காத்தார். சேகரிப்போர் இத்தகைய உறைகளுக்குத் தந்த விலையே பின்வந்த பரீட்சைகளுக்குப் பொருளுதவியாயிற்று என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

1935-ல் சிக்கிம் அரசரின் ஆதரவு கிட்டியது. காங்டாக் அருகே மலையாறுகளைக் கடந்து கடிதங்களும், தேயிலை, சர்க்கரை முதலியன அடங்கிய சிறு மூட்டைகளும் சென்றன. அவ்வாண்டு மே 31-ல் குவெட்டா பூகம்பத்தால் அழிந்தது. சில தினங்களுக்குள் ரூபநாராயண நதிக்கு மேலே உணவுப்பொருள்களை வாணத்திலனுப்பி, இடருற்றோர்க்கு இவ்வாறும் உதவலாமெனக் காட்டினார். ஜூன் 29-ல் ஒரு சேவலையும் பெட்டையையும் தாமோதர நதியைக் கடக்கச் செய்தார். அவற்றிற்கு ஆதாம், ஏவாள் என்று பெயர். பாவம், அவற்றின் சம்மதத்தை யார் கேட்டார்! எனினும் இரண்டும் உயிர்பிழைத்துக் கல்கத்தாவில் ஒரு தனவந்தரின் மிருகசாலையிற் குடியேறின.

1944 வரை சுமார் 270 வாணங்களை இவர் விடுத்தார்; அவற்றுள் எண்பதிற்குக் குறையாதவை தபால் ஏந்தியவை. இலக்குத் தவறியவையும் சேற்றில் வீழ்ந்தவையும் பல. விமானங்கள் பெருகவே வாணத்தபாலை நாடுவார் இலராயினர். 1951-ல் ஸ்மித் காலமானார். நாற்பத்தோராண்டு கழித்து, 1992-ல், இந்தியத் தபால் இலாகா இவருடைய நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.