மதுவிலக்கும் மறுவாழ்வும்: மூதறிஞர் இராஜாஜி

அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். சேலத்தில் பெரும் பொருள் ஈட்டிய வழக்கறிஞரான அவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திற்காக அத்தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் மூன்று திங்கள் இருந்தார். அங்கு அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாகவும் வெளிவந்தது.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர்ப் பணியும் மதுவிலக்குப் பிரசாரமும் அங்கே கைகோத்து நடந்தன. நூற்ற கூலி ஏழைக் குடும்பத்தின் அடுப்பை எரித்தது. மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் திங்களிதழையும் நடத்தினார்.

1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். நமது கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. கடைகளை மூடியதோடு அரசு நின்றுவிடவில்லை. குடியை விட்டவன் மாலைப்பொழுதைக் கழிக்க விளையாட்டும் பஜனையும், மிச்சமான காசைக் காக்கச் சிக்கனச் சங்கமும் ஏற்படுத்தப்பட்டன. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது.

1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதில் கொட்டும் மழையில் முதல்வர் கலைஞரின் இல்லம் சென்று வேண்டினார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-இல் மறைந்தார்.

சட்டத்தால் மட்டும் குடி ஒழிந்ததா? இல்லை, மதுவிலக்குக் காலத்திலேயே கள்ளச்சாராயம் பெருகிற்று. கடைகளைத் திறந்ததால் அது ஒழிந்ததா? அதுவும் இல்லை. அரசு மதுக்கடைகள் திறந்திருக்கையிலேயே, 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலிவான சாராயத்தை நாடிச் சென்றோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகளே.

மாணவ நண்பர்களே! ஊறலை அழிப்பது ஒரு நாள் வேலை. மனிதனை மீட்பது பல்லாண்டுப் பணி. இருபத்தொரு வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, எளிதில் சிறைக்கு அனுப்பலாகாது. அனுப்பினால் நீதிமன்றம் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் அவர் வீட்டிலேயே திருந்தி வாழலாம். ஆயினும், திரும்பிவரும் இளைஞனுக்கு மலையில் வேறு பிழைப்பில்லையேல் பழைய அடுப்பே அவனை அழைக்கும். தடையோடு தொழிலையும் துணையையும் சேர்த்துத் தர முயன்றதே இராஜாஜியின் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடம்.